முதல் ஆய்வுக் கட்டுரை: 'சப்மிட்' பொத்தானுக்கு முன்னும் பின்னும்

போன ஆண்டு ஒரு மாலை, முனைவர் பட்ட மாணவி ஒருத்தி தன் முதல் கட்டுரையை இதழுக்கு அனுப்புவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கோப்புகளை ஏற்றியாயிற்று. கடைசிப் பக்கத்தில் வரிசையாக ஏழு கட்டங்கள். இந்தக் கட்டுரை வேறு எந்த இதழின் பரிசீலனையிலும் இல்லை. கட்டுரையை எழுதிய எல்லா ஆசிரியர்களும் இறுதி வடிவத்தைப் படித்து ஒப்புதல் தந்திருக்கிறார்கள். மூலத் தரவுகளைக் கேட்டால் தருவோம். இப்படியே ஏழு வரிகள். ஏழையும் மளமளவென்று டிக் செய்துவிட்டாள். பத்து விநாடி ஆகியிருக்காது.

"எல்லாத்தையும் படிச்சியாம்மா?" என்று கேட்டேன்.

"எல்லாரும் இப்படித்தான் மேடம் டிக் பண்றாங்க. பண்ணலைன்னா அடுத்த பக்கத்துக்கே போகாது."

அவள் நேர்மையான பெண். ஆனால் மூன்றாவது ஆசிரியர் அந்தக் கட்டுரையின் கடைசி வடிவத்தைப் பார்க்கவே இல்லை என்பது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். தான் டிக் செய்த ஒவ்வொரு வரியும் தன் பெயரில் தரும் உறுதிமொழி என்பது மட்டும் அவளுக்கு உறைக்கவில்லை. அன்று அனுப்பாமல் மூடிவைத்தோம். இரண்டு நாளில் அவர் படித்துவிட்டு, ஓர் அட்டவணையில் அலகு தவறாக இருந்ததைக் காட்டினார். திருத்திவிட்டு அனுப்பினோம்.

அந்தக் கட்டங்களை மனசாட்சியோடு டிக் செய்வதற்கு என்னென்ன செய்திருக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப் போகிறேன். இந்த நெறிகளை ஒவ்வோர் இதழும் தனியாக உட்கார்ந்து எழுதுவதில்லை. மருத்துவ இதழ் ஆசிரியர்கள் சிலர் 1978-இல் கனடாவின் வான்கூவரில் கூடியதிலிருந்து வளர்ந்த ஐசிஎம்ஜேஈ குழுவின் பரிந்துரைகளும், 1997-இல் பிரிட்டனில் தொடங்கிய 'கோப்' என்ற பதிப்பு நெறிக் குழுவின் வழிகாட்டல்களும்தான் பெரும்பாலான இதழ்களுக்கு அடிப்படை. நான் பார்த்தவரை, முதல் கட்டுரையில் மாட்டிக்கொள்பவர்களில் ஏமாற்ற நினைத்தவர்கள் குறைவு. கேட்க வேண்டியதை நேரத்தில் கேட்காமல் விட்டவர்களே அதிகம்.

1. நோட்டிலிருந்து தொடங்குங்கள்

கட்டுரை எழுதும்போது நெறிகளைப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். சோதனை தொடங்கும் அன்றே ஒரு கெட்டி அட்டை நோட்டு வாங்கிப் பக்கங்களுக்கு எண் போடுங்கள். தேதி, என்ன செய்தோம், எந்தக் கருவி, என்ன அளவு, தரவு எந்தக் கோப்பில் இருக்கிறது, எல்லாம் அன்றன்றைக்குப் பேனாவால் எழுத வேண்டும். தவறாக எழுதியதை ஒற்றைக் கோட்டால் அடித்தால் போதும், ஒயிட்னர் வேண்டாம். தோற்றுப்போன சோதனையையும் எழுதுங்கள். வாரம் ஒருமுறை நெறியாளரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்வது நல்ல பழக்கம். கள ஆய்வு செய்பவர்களுக்கும் இதே முறைதான்: யாரிடம் பேசினோம், எந்த ஊர், ஒலிப்பதிவுக் கோப்பின் பெயர் என்ன.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரு சந்தேகம் எழும்போது உங்களைக் காப்பாற்றுவது அந்த நோட்டு ஒன்றுதான். அமெரிக்காவின் பெல் லேப்ஸ் ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்த்த யான் ஹெண்ட்ரிக் ஷோன் ஒரு காலத்தில் இயற்பியல் உலகமே வியந்த இளைஞர். அவருடைய வெவ்வேறு கட்டுரைகளில், வெவ்வேறு சோதனைகளுக்கான வரைபடங்களில், ஒரே மாதிரியான இரைச்சல் கோடுகள் இருப்பதைச் சிலர் கவனித்தார்கள். இரைச்சல் தற்செயலாக வருவது. இரண்டு சோதனைகளில் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்க வாய்ப்பே இல்லை. 2002-இல் விசாரணைக் குழு மூலத் தரவுகளைக் கேட்டபோது, கணினியில் இடமில்லாததால் அழித்துவிட்டேன் என்றார். முறையான ஆய்வக நோட்டும் இல்லை. குழு ஆராய்ந்த 24 குற்றச்சாட்டுகளில் 16 உறுதியாயின.

படங்களில் இன்னும் கவனம் தேவை. நுண்ணோக்கிப் படமோ, டிஎன்ஏ, புரதங்களைப் பிரித்துக் காட்டும் ஜெல் படமோ, கருவியிலிருந்து வந்த மூலக் கோப்பைத் தொடாமல் தனியாக வையுங்கள், நகலில்தான் வேலை. படம் முழுவதற்கும் சீராக வெளிச்சம் கூட்டலாம், ஒரு மூலையை மட்டும் கூட்டக் கூடாது. இரண்டு ஜெல்லிலிருந்து வெட்டி ஒட்டினால் நடுவே கோடு போட்டு, படக் குறிப்பில் சொல்லிவிட வேண்டும். எலிசபெத் பிக் என்ற நுண்ணுயிரியலாளர் தன் கண்ணாலேயே 20,621 கட்டுரைகளின் படங்களைப் பார்த்தார். அவரும் சக ஆய்வாளர்களும் 2016-இல் வெளியிட்ட கணக்குப்படி 3.8 சதவீதக் கட்டுரைகளில் சிக்கலான படங்கள் இருந்தன. அவற்றில் ஒரு பகுதி வெறும் கவனக்குறைவு, அதாவது 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'ஃபைனல் நியூ' என்று கோப்புகளுக்குப் பெயர் வைத்துவிட்டு ஒரே படத்தை இரண்டு இடத்தில் போடுவது. கோப்பின் பெயரில் தேதியையும் மாதிரி எண்ணையும் சேர்த்துவிட்டால் இந்தத் தொல்லை பாதி தீர்ந்துவிடும்.

2. மனிதர்கள் தொடர்பான ஆய்வா? முன் அனுமதி

இது சுருக்கமான படிதான், ஆனால் தவறினால் பின்னால் சரிசெய்யவே முடியாது. நோயாளிகள், மாணவர்கள், கிராம மக்கள் என்று யாரிடம் தரவு சேகரித்தாலும், உங்கள் நிறுவனத்தின் நெறிக் குழுவிடம் முதலில் அனுமதி வாங்குங்கள். சேகரித்து முடித்த பிறகு பின்தேதியிட்டு வாங்குவது என்பது கிடையாது. மருத்துவச் சோதனை என்றால் முதல் நபரைச் சேர்ப்பதற்கு முன்பே சிடிஆர்ஐ என்ற இந்தியப் பதிவேட்டில் பதிவு செய்திருக்க வேண்டும். 2009 ஜூன் முதல் இது கட்டாயம். அனுமதி எண்ணையும் தேதியையும் நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். கட்டுரையில் அதைக் கேட்பார்கள்.

3. யார் யார் பெயர்?

இந்த இடத்தில்தான் நம் ஊரில் கண்ணீர் அதிகம். ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஐசிஎம்ஜேஈ சொல்லும் அளவுகோல் நான்கு. ஆய்வின் கருத்திலோ வடிவமைப்பிலோ தரவிலோ பகுப்பாய்விலோ கணிசமான பங்கு இருக்க வேண்டும். கட்டுரையை எழுதியோ உள்ளடக்கத்தைத் திருத்தியோ இருக்க வேண்டும். இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தந்திருக்க வேண்டும். நாளைக்குக் கேள்வி வந்தால் பொறுப்பேற்கத் தயாராக இருக்க வேண்டும். நான்கும் சேர்ந்து இருந்தால்தான் ஆசிரியர். ஏதோ ஒன்று மட்டும் இருந்தால் நன்றிப் பகுதியில் பெயர். கருவியை இயக்கிக் கொடுத்தவர், நிதி வாங்கித் தந்தவர், துறைத் தலைவர் என்பதெல்லாம் தம்மளவில் ஆசிரியர் தகுதி ஆகாது. நன்றியில் பெயர் போடுவதற்கும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

நடைமுறையில் என்ன நடக்கிறது என்று நம் எல்லோருக்கும் தெரியும். நான் ஆய்வு மாணவியாக இருந்தபோது என் முதல் கட்டுரையில், ஒருமுறைகூட அதைப் படிக்காத ஒருவரின் பெயர் எனக்கு முன்னால் போனது. யாரிடம் பேசுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன். இன்றைக்கும் அந்தக் கட்டுரையை யாராவது மேற்கோள் காட்டினால் முதலில் அந்தப் பெயர்தான் வருகிறது. அதனால் என் மாணவர்களிடம் சொல்வது இதுதான்: பெயர் பற்றிய பேச்சை வேலை தொடங்கும்போதே வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முடிந்த பிறகு பேசினால் அது சண்டையாகத் தெரியும். தொடக்கத்தில் பேசினால் திட்டமிடலாகத் தெரியும். "சார், இந்தப் பேப்பர்ல யார் யார் பேர், என்ன வரிசைன்னு இப்பவே ஒரு மெயில்ல போட்டு வச்சுக்கலாமா? அப்புறம் வேலை மாறினா மாத்திக்கலாம்" என்று கேட்டால் எந்த நல்ல நெறியாளரும் மறுக்க மாட்டார். அதை மெயிலில் எழுதுங்கள். வாய்ப்பேச்சு காற்றோடு போய்விடும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. 'கிரெடிட்' என்ற 14 வகைப் பங்களிப்புப் பட்டியலைப் பல இதழ்கள் இப்போது கேட்கின்றன. கருத்துருவாக்கம், தரவு நிர்வாகம், மென்பொருள், முதல் வரைவு எழுதுதல் என்று ஒவ்வொரு பங்குக்கும் யார் என்று குறிக்க வேண்டும். இதழ் கேட்காவிட்டாலும் நீங்களே ஒரு தாளில் கட்டம் போட்டு எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். எதுவும் செய்யாதவரின் வரிசை காலியாக இருக்கும். அதைப் பார்த்துத் தாமாகவே விலகிக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் பெயர் போகும் கட்டுரையில் நீங்கள் பார்க்காத தரவு இருக்கக் கூடாது என்பதும் இந்தப் படியில்தான் வருகிறது. 2020 மே 22 அன்று 'தி லான்செட்' இதழில் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் பற்றி ஒரு கட்டுரை வந்தது. 671 மருத்துவமனைகள், சுமார் 96,000 கோவிட் நோயாளிகள் என்று பிரமாண்டமான தரவு. சர்ஜிஸ்பியர் என்ற நிறுவனம் தந்தது. சந்தேகம் கிளம்பியதும் முழுத் தரவையும் சுயேச்சையான தணிக்கைக்குத் தர அந்த நிறுவனம் மறுத்துவிட்டது. நான்கு ஆசிரியர்களில் நிறுவனத்தின் உரிமையாளர் தவிர மற்ற மூவரும், தரவின் உண்மைக்கு இனித் தங்களால் உறுதி சொல்ல முடியாது என்று ஜூன் 4 அன்று கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். பதினைந்து நாள்கூட ஆகவில்லை. அனுபவமிக்கவர்களுக்கே இந்த நிலை என்றால், புதியவர்கள் தயங்காமல் கேட்டுவிட வேண்டும்: "மூலத் தரவை நானும் ஒருமுறை பார்க்கலாமா?"

4. அடுத்தவர் சொல், உங்கள் சொல்

கருத்துத் திருட்டு என்றவுடன் எல்லோரும் மென்பொருள் காட்டும் ஒற்றுமைச் சதவீதத்தைப் பற்றியே பேசுகிறார்கள். "மேடம், எனக்கு எட்டு பர்சென்ட்தான் வந்துச்சு" என்று நிம்மதியாகச் சொல்வார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 விதிமுறைகளில் நான்கு நிலைகள் உண்டு: 10 சதவீதம் வரை தண்டனை இல்லை; அதற்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் ஆய்வேட்டைத் திருத்தித் தர வேண்டும்; 40-லிருந்து 60 வரை என்றால் ஓராண்டுக்கு மறுபடி சமர்ப்பிக்க முடியாது; 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. சரி. ஆனால் இந்த விதி சொற்களின் ஒற்றுமையை அளக்கிறது. இதழ் ஆசிரியர் பார்ப்பது வேறு. எட்டு சதவீதமும் உங்கள் முடிவுரையிலேயே, ஒரே கட்டுரையிலிருந்து வந்திருந்தால் அது திருட்டுதான். இருபது சதவீதமும் சோதனை முறை விளக்கத்திலும் வழக்கமான சொற்றொடர்களிலும் சிதறியிருந்தால் பெரும்பாலும் சிக்கலில்லை. அறிக்கையின் முதல் பக்கத்து எண்ணோடு நிற்காமல், வண்ணமிட்ட பகுதிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள்.

பெரும்பாலான திருட்டு குறிப்பெடுக்கும்போதே நடந்துவிடுகிறது. முதலாண்டில் ஒரு கட்டுரையைப் படித்து, நல்ல வாக்கியம் என்று அப்படியே நகலெடுத்துக் கோப்பில் ஒட்டியிருப்பீர்கள். மேற்கோள்குறி போட்டிருக்க மாட்டீர்கள். மூன்றாம் ஆண்டில் அந்தக் கோப்பைத் திறக்கும்போது அது உங்கள் வாக்கியம் போலவே தெரியும். இதற்கு என் வழி எளிமையானது: நகலெடுத்ததைச் சிவப்பு எழுத்தில் ஒட்டி, பக்கத்திலேயே மூலத்தையும் பக்க எண்ணையும் போட்டுவிடுவேன். என் சொந்தக் குறிப்பு கறுப்பில். எழுத உட்காரும்போது சிவப்புக் கோப்பை மூடிவிட்டு எழுதுவேன்.

தமிழில் ஆய்வு செய்பவர்களுக்கு ஒரு சொல். ஆங்கிலக் கட்டுரையின் பத்திகளைத் தமிழாக்கி, மூலத்தைச் சொல்லாமல் வைப்பதை மென்பொருள் பெரும்பாலும் பிடிக்காது. பிடிக்காததால் அது சரியென்று ஆகிவிடாது. அந்தத் துறையில் படித்த ஒருவர் வைவா என்ற வாய்மொழித் தேர்வில் எதிரே உட்கார்ந்திருந்தால் போதும்.

சதவீதத்தைக் குறைப்பதற்காகச் சொல்மாற்று மென்பொருளில் போட்டு எடுப்பவர்களும் இருக்கிறார்கள். அதன் விளைவைப் பிரெஞ்சுக் கணினி அறிஞர் கியோம் கபனாக்கும் சக ஆய்வாளர்களும் 2021-இல் அம்பலப்படுத்தினார்கள். மார்பகப் புற்றுநோய் என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பதில் 'மார்பு அபாயம்' என்ற பொருளில் ஒரு தொடர்; செயற்கை நுண்ணறிவு என்ற இடத்தில் 'போலி உணர்வு' என்ற பொருளில் இன்னொன்று. அச்சாகிவிட்ட கட்டுரைகளில் இப்படி ஆயிரக்கணக்கில் கிடைத்தன. அந்தத் தொடர்களுக்கு அவர்கள் வைத்த பெயர் 'சித்திரவதைப்பட்ட சொற்றொடர்கள்'. படித்தபோது எனக்கு மனசு கனத்துப் போனது. ஒரு நோயாளிக்கு உதவ வேண்டிய அறிவு, எண்ணைக் குறைப்பதற்காக இப்படிக் கிடக்கிறது.

ஏஐ கருவிகள் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கோப் 2023 பிப்ரவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது: ஏஐ கருவியை ஆசிரியராகப் போட முடியாது, ஏனென்றால் அதனால் பொறுப்பேற்க முடியாது. பயன்படுத்தினால் எதற்கு, எப்படி என்று கட்டுரையில் குறிப்பிட வேண்டும். மொழியைச் சீர்செய்ய அனுமதிக்கும் இதழ்கள் பல உண்டு. உங்கள் இதழின் விதியைப் படித்துவிடுங்கள். ஏஐ தந்த மேற்கோள் பட்டியலை மட்டும் அப்படியே நம்பவே நம்பாதீர்கள். இல்லாத கட்டுரைக்குப் பொருத்தமான தலைப்பும் ஆண்டும் சேர்த்துக் கொடுக்கும். ஒவ்வொரு மேற்கோளையும் அதன் டிஓஐ எண்ணை, அதாவது கட்டுரையின் நிரந்தர இணைய அடையாள எண்ணைத் தட்டித் திறந்து, சுருக்கத்தையாவது படித்த பிறகே சேருங்கள்.

உங்கள் பழைய கட்டுரையையே மறுபடி பயன்படுத்துவதும் கவனிக்க வேண்டியது. மாநாட்டில் தந்ததை விரித்து இதழுக்கு அனுப்பலாம். அதை முகப்புக் கடிதத்தில் சொல்லிவிட வேண்டும். ஒரே ஆய்வை எண்ணிக்கைக்காக மூன்று துண்டாக நறுக்கி அனுப்பாதீர்கள். படிக்கிறவருக்கு முழுப் படமும் ஓரிடத்தில் கிடைக்க வேண்டும்.

5. எந்த இதழ்?

"மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களே, தங்களின் மேலான ஆய்வைக் கண்டு வியந்தோம்" என்று தொடங்கும் மெயில் உங்களுக்கும் வந்திருக்கும். நீங்கள் இன்னும் பேராசிரியர் ஆகியிருக்க மாட்டீர்கள். பொறியியல், மருத்துவம், வேளாண்மை, இலக்கியம் எல்லாம் ஒரே இதழில். 72 மணி நேரத்தில் முடிவு. கட்டணம் எவ்வளவு என்பது ஏற்புக் கடிதம் வந்த பிறகுதான் தெரியும். இவற்றைக் கொள்ளை இதழ்கள் என்கிறோம். காசை மட்டும் கொள்ளையடிக்கவில்லை; இரண்டு மூன்று ஆண்டு உழைப்பையும் சேர்த்துத்தான் கொண்டுபோகின்றன. அங்கே வந்த கட்டுரையை எந்த நல்ல இதழும் மறுபடி ஏற்காது.

2013-இல் 'சயின்ஸ்' இதழுக்காக ஜான் பொஹானன் ஒரு சோதனை செய்தார். கண்ணில் அடிக்கும் பிழைகள் நிறைந்த ஒரு போலிப் புற்றுநோய் மருந்துக் கட்டுரையை 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. நிராகரித்தவை 98 மட்டும். போலந்து ஆய்வாளர்கள் சிலர் இன்னொரு வழியில் போனார்கள். இல்லாத ஒரு பெண் ஆய்வாளரை உருவாக்கி, 360 இதழ்களில் இதழாசிரியர் பதவிக்கு விண்ணப்பித்தார்கள். பெயரின் நடு எழுத்தையும் குடும்பப் பெயரையும் சேர்த்துப் படித்தால் போலிஷ் மொழியில் மோசடிக்காரர் என்று பொருள். 2017-இல் வந்த முடிவு: 48 இதழ்கள் பதவி தந்தன. அதில் 40 கொள்ளை இதழ்கள். எட்டு, யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய நல்ல இதழ்களின் பட்டியலான டிஓஏஜேயில் இருந்தவை. ஆகவே ஒரே ஒரு பட்டியலை நம்பி இறங்காதீர்கள்.

நம் பக்கத்திலேயே பெரிய உதாரணம் ஒன்று இருக்கிறது. ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஓமிக்ஸ் நிறுவனத்தின் மீது அமெரிக்க வர்த்தக ஆணையம் 2016-இல் வழக்குத் தொடுத்தது. முறையான மதிப்பாய்வு நடப்பதாகச் சொல்லி ஏமாற்றியது, கட்டணத்தை மறைத்தது என்ற குற்றச்சாட்டுகளில் 2019-இல் 5 கோடி டாலருக்கு மேல் செலுத்தும்படி தீர்ப்பு வந்தது.

முன்பெல்லாம் யுஜிசி ஏற்ற இதழ்களின் பட்டியலான யுஜிசி-கேரில் இருந்தால் போதும் என்பார்கள். 2025 பிப்ரவரியில் யுஜிசி அந்தப் பட்டியலைக் கைவிட்டதாக அறிவித்துவிட்டது. இதழின் தரத்தைப் பார்க்க வேண்டிய பொறுப்பு இப்போது நிறுவனங்களுக்கும் நமக்கும். இன்னும் 'கேர் லிஸ்டட்' என்று விளம்பரம் செய்யும் இதழைப் பார்த்தால் கவனமாக இருங்கள். இன்னொரு செய்தி: 2022 நவம்பரில் வந்த யுஜிசி விதிமுறை, ஆய்வேடு தருவதற்கு முன் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை எடுத்துவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் தனியாக விதி வைத்திருக்கலாம். அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தேவையே இல்லாத அவசரத்தில் எத்தனையோ பேர் கொள்ளை இதழில் விழுந்திருக்கிறார்கள்.

நான் ஓர் இதழை எப்படிச் சோதிக்கிறேன் என்று சொல்கிறேன். முதலில் அதில் அண்மையில் வந்த மூன்று கட்டுரைகளைத் திறந்து முழுதாகப் படிப்பேன். இதைவிடச் சிறந்த சோதனை கிடையாது. நம் துறையில் ஒரு கட்டுரை ஒழுங்காக இருக்கிறதா என்பது நமக்குத் தெரியாமலா போகும்? அப்புறம் ஆசிரியர் குழுவில் இருவரைப் பொறுக்கி, அவர்களுடைய பல்கலைக்கழகப் பக்கத்தில் இந்த இதழின் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பேன். தங்கள் பெயர் போடப்பட்டிருப்பதே தெரியாதவர்கள் உண்டு. ஸ்கோபஸ் என்பது ஆய்வு இதழ்களைப் பட்டியலிடும் தரவுத்தளம். 'ஸ்கோபஸில் இருக்கிறோம்' என்று இதழ் சொன்னால், இதழின் பக்கத்தை நம்பாமல் ஸ்கோபஸின் இலவச மூலப் பட்டியலில் ஐஎஸ்எஸ்என் எண்ணைப் போட்டுத் தேடுவேன். நீக்கப்பட்டிருந்தால் அங்கே தெரிந்துவிடும். ஐஎஸ்எஸ்என் எண் என்பது வெறும் அடையாள எண். தரச் சான்று இல்லை. ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாக எவ்வளவு மேற்கோள் பெறுகின்றன என்று காட்டும் இம்பாக்ட் ஃபேக்டர் என்றால் கிளாரிவேட் நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் இருப்பது மட்டும்தான். முன்னால் 'குளோபல்', 'யுனிவர்சல்' என்று ஒட்டிக்கொண்டு வருபவற்றை ஒதுக்கிவிடலாம். கோப் உறுப்பினர் என்ற முத்திரையையும் கோப்பின் தளத்திலேயே சரிபாருங்கள்.

கடைசியாக இணைய முகவரி. உண்மையான பழைய இதழின் பெயரையும் எண்ணையும் திருடி அதே போலத் தளம் அமைத்துப் பணம் பறிப்பவர்கள் இருக்கிறார்கள். கடத்தப்பட்ட இப்படிப்பட்ட இதழ்களின் பட்டியலை, திரும்பப் பெறப்படும் கட்டுரைகளைக் கண்காணிக்கும் ரிட்ராக்ஷன் வாட்ச் தளம் வைத்திருக்கிறது. மெயிலில் வந்த இணைப்பைத் தட்டாமல், ஸ்கோபஸ் வழியாகவோ ஐஎஸ்எஸ்என் தளம் வழியாகவோ இதழின் பக்கத்துக்குப் போங்கள்.

டெலிகிராமிலும் வாட்ஸப்பிலும் 'முதல் ஆசிரியர் இடம் இவ்வளவு, இரண்டாம் இடம் இவ்வளவு' என்று விலைப்பட்டியல் வரும். அந்தப் பக்கமே போகாதீர்கள். 2023-இல் மட்டும் வைலி நிறுவனத்தின் ஹிந்தாவி இதழ்கள் 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றன. பெரும்பாலும் சிறப்பிதழ்கள் வழியாக நுழைந்த, காசுக்குப் போலிக் கட்டுரை தயாரித்து விற்கும் ஆலைகளின் கட்டுரைகள். காசு கொடுத்து இடம் வாங்கியவரின் பெயர் அந்த அறிவிப்பில் என்றென்றைக்கும் இருக்கும். விற்றவரின் பெயர் எங்கேயும் வராது.

6. அனுப்பும் நாள்

ஒரே நேரத்தில் ஓர் இதழுக்கு மட்டும். ஒன்று மறுத்த பிறகுதான் அடுத்தது. மாதக்கணக்கில் பதில் இல்லையென்றால் ஆசிரியருக்குப் பணிவாக ஒரு மெயில் போடுங்கள். திரும்பப் பெற நினைத்தால் எழுதிக் கேட்டு, ஒப்புதல் வந்த பிறகே வேறு இடத்துக்கு அனுப்புங்கள்.

நிதி யார் தந்தது, பகுப்பாய்வு செய்த பொருளைத் தந்த நிறுவனத்தோடு உங்களுக்கு என்ன உறவு என்பதையெல்லாம் சொல்லிவிடுங்கள். நலன் முரண் இருப்பது குற்றமில்லை. மறைப்பதுதான் குற்றம்.

கட்டுரையை மதிப்பாய்வு செய்யும் ரிவியூவர்களைப் பரிந்துரைக்கச் சொன்னால், உங்களோடு கட்டுரை எழுதியவர்களையும் உங்கள் நிறுவனத்தில் உங்கள் துறையில் வேலை பார்ப்பவர்களையும் தவிர்த்துவிட்டு வேறு பெயர்களைச் சொல்லி, அந்த ரிவியூவர்களின் நிறுவன மின்னஞ்சலைத் தாருங்கள். தென்கொரியாவின் ஹியுங்-இன் மூன் என்ற ஆய்வாளர், பரிந்துரைத்த பெயர்களுக்குத் தானே மின்னஞ்சல் முகவரி உருவாக்கித் தன் கட்டுரைகளைத் தானே மதிப்பாய்வு செய்தார். மாட்டியது எப்படி? மதிப்பாய்வுகள் 24 மணி நேரத்துக்குள் வந்துவிட்டன. எந்த ரிவியூவரும் அவ்வளவு வேகமாகப் படிப்பதில்லை. 28 கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன.

7. ரிவியூ வந்த பிறகு

ஒவ்வொரு கேள்வியையும் நகலெடுத்து அதன் கீழே பதில் எழுதுங்கள். ஏற்காத கருத்துக்குக் காரணம் சொல்லி மறுக்கலாம். அதற்காகக் கட்டுரை நிராகரிக்கப்படும் என்று பயப்பட வேண்டாம். கேட்ட சோதனையைச் செய்யாமல் செய்ததாக எண் போடாதீர்கள். "இந்த வசதி எங்களிடம் இல்லை, இதை ஆய்வின் வரம்பாகக் குறிப்பிட்டிருக்கிறோம்" என்று எழுதினால் பல இதழ் ஆசிரியர்கள் ஏற்றுக்கொள்வார்கள். பொருத்தமே இல்லாத ஐந்து கட்டுரைகளை மேற்கோள் காட்டச் சொல்லி, ஐந்தும் ஒரே நபருடையதாக இருந்தால், அதை இதழ் ஆசிரியருக்குத் தனியாக எழுதிக் கேளுங்கள்.

நாளைக்கு உங்களையே ரிவியூ செய்யக் கேட்பார்கள். அப்போது வரும் கட்டுரை இன்னொருவரின் ரகசியம். நண்பருக்கு அனுப்பவோ, ஏஐ கருவியில் ஏற்றவோ, அதிலிருந்து யோசனை எடுக்கவோ கூடாது.

8. வெளியான பிறகு பிழை தெரிந்தால்

2018-இல் வேதியியல் நோபல் பெற்ற பிரான்சஸ் ஆர்னால்ட், தன் குழு 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட கட்டுரை ஒன்றை 2020 ஜனவரியில் திரும்பப் பெற்றார். சோதனையை மறுபடி செய்தபோது அதே முடிவு வரவில்லை. முதல் ஆசிரியரின் ஆய்வக நோட்டில் முக்கியமான சோதனைகளுக்கான அன்றைய பதிவுகளும் மூலத் தரவும் இல்லை. அனுப்பிய சமயம் வேலை அதிகமாக இருந்தது, என் கடமையைச் சரியாகச் செய்யவில்லை, எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன் என்று ட்விட்டரில் அவரே எழுதினார். அறிவியல் உலகம் அவரை மதிப்போடுதான் பார்த்தது.

எல்லாப் பிழைக்கும் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டியதில்லை. முடிவு மாறாத பிழை என்றால் திருத்த அறிவிப்பு போதும். முடிவே நிற்காது என்றால்தான் திரும்பப் பெறுதல். எதுவானாலும் முதலில் சக ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரிவியுங்கள். அப்புறம் இதழ் ஆசிரியருக்கு எழுதுங்கள்.

தொடக்கத்தில் சொன்ன மாணவியின் கட்டுரை வெளியாகி இரண்டு மாதம் கழித்து, ஒரு வரைபடத்தின் அச்சில் அலகு தவறாக இருப்பதை அவளே கண்டுபிடித்தாள். யாரும் கேட்கவில்லை. இதழ் ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தின் வரைவை எனக்குக் காட்டினாள். தலைப்பு, டிஓஐ எண். "படம் 3-இன் கிடை அச்சில் மில்லி என்று இருக்க வேண்டியது மைக்ரோ என்று உள்ளது. மூலத் தரவைச் சரிபார்க்கும்போது நான் கவனித்தேன். கட்டுரையின் முடிவு மாறவில்லை. திருத்திய படத்தையும் மூலத் தரவுக் கோப்பையும் இணைத்திருக்கிறேன். சக ஆசிரியர்கள் இருவரும் இந்தக் கடிதத்தைப் படித்து ஒப்புதல் தந்துள்ளனர்." இந்த முறை அவர்கள் உண்மையிலேயே படித்திருந்தார்கள்.